பழனிக் குளங்களும் நமது கடமையும்

தேசத்தை நேசிப்பதாக மேடையில் முழங்குவோர் அநேகர். அத்தேசத்தில் நம்முடன் குடியிருக்கும் பறவைகளில் இருபதின் பெயரையேனும் பிழையறச் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. இக்குறையை நீக்கிக்கொள்ள ஆண்டுதோறும் ஒரு சந்தர்ப்பம் நம்மைத் தேடி வருகிறது. 2015-ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் தொண்டர்கள் நடத்திவரும் பறவைக் கணக்கெடுப்பையே குறிப்பிடுகிறோம். பழனி வாசிகள் இதில் பெருவாரியாகச் சேரவேண்டும் என்பது நமது கோரிக்கை.

அரசியலில் ஈடுபட்டோர்க்கு இஃது அற்ப விஷயமாகத் தோன்றலாம். 1885-இல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், இந்தியப் பறவைகளை ஆராய்ந்தோருள்ளும் முதல் வரிசையில் நின்றவர் என்பதை அவர்கள் நினைவு கூர்வார்களாக. ஆயினும், அவர் திரட்டிய மாதிரிகளில் 75,000-க்கு மேற்பட்டவை லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்துக்கே போய்ச் சேர்ந்தன. பழனி மலைச் சோலைகளில் வாழும் சிரிப்பான் பறவையும், 1869-இல் விஞ்ஞானிகளின் ஏட்டில் ஏறியபோது, அமெரிக்கப் பாதிரியாரான ஃபேர்பேங்கின் பெயரையே தாங்கிற்று. அன்னார் உழைப்பை நாம் குறைகூறவில்லை. நம் வீட்டுச் சொத்துக்கு அயலார் பட்டியல் எழுதும்வரை நாம் வாளாவிருந்தோமே என்றுதான் வருந்துகிறோம்.

இன்று நிலை மாறியிருக்கிறது. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 30,000-க்கு மேற்பட்ட ஆர்வலர்கள் பதிவுசெய்த சுமார் 3 கோடிக் குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. வயல்வெளிக் கம்பிகளில் காணும் பனங்காடை பெரிதும் குறைந்துவருவது அதனால் புலப்பட்டது. சாதாரண ஜனங்கள் எழுதி வைத்திராவிடில், பழகிய பறவை குறைவதை யார் கவனித்திருப்பர்?

‘ஏழை பசித்திருக்கப் பறவையை எண்ணுவதா?’ என்பாரும் உளர். அவர்கள் வையாபுரிக்குளக் கரையில் சற்றே நிற்கட்டும். சாக்கடையும் ஆகாயத்தாமரையும் புகுந்தால் நீர் கெடும். நீர் கெட்டால் மீன் குன்றும். மீன் குன்றினால் நீர்க்காகம் நீங்கும். அதன்பின் உழவனுக்கும் மீன் பிடிப்பவனுக்கும் எஞ்சுவது என்ன? ஆகவே, பறவையின் கணக்கு குளத்தின் கணக்கேயாகும். வெறும் புகாரைச் சர்க்கார் ஒதுக்கிவிடலாம். பத்தாண்டுக் கணக்கை ஒதுக்குதல் எளிதன்று. தேவாங்கு வாழும் இடங்களைக் கணக்கெடுத்துக் காட்டிய பின்னரன்றோ, 2022-இல் திண்டுக்கல், கரூர் ஜில்லாக்களின் 11,806 ஹெக்டேர் காடு அவ்விலங்குக்கென இந்தியாவின் முதற் சரணாலயமாயிற்று!

இதற்குப் பெரும் பொருளும் பட்டமும் வேண்டா. ஓரிடத்தில் 15 நிமிஷம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து, ஈபேர்ட் என்னும் இணையப் பதிவேட்டில் சேர்த்தால் போதும். அறியாத பறவையை அறிந்ததாக எழுதலாகாது. கூட்டை நெருங்கிக் கலைத்தலும் ஆகாது. வனத்துறை நடத்தும் பறவைக் கணக்கெடுப்புகளுக்கும் தொண்டர்கள் தேவை.

வையாபுரிக்குளத்துக்கு ஒரு குழு, சண்முகநதிக்கு ஒரு குழு, வரதமாநதி அணைக்கு ஒரு குழு என்று பழனி இளைஞர்கள் பிரிந்து பொறுப்பேற்கட்டும். பள்ளி ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் செல்லட்டும். ஓராண்டு எண்ணி மறு ஆண்டு மறந்துவிடுவதில் பயனில்லை; அதே கரையில் ஆண்டுதோறும் நிற்பதே தொண்டு. வருகிற பொங்கலன்றே தொடங்குவோமாக.