கரடியின் சஞ்சாரமும் ஊரார் கண்காணிப்பும்

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலே கறையானும் தேனும் பழமும் தேடித் திரியும் கரடி, பார்வை மந்தமாயினும் மோப்பசக்தி மிகுந்த பிராணியாகையால், கோயில் விளக்கின் எண்ணெயையும் சமையலறைப் பண்டங்களையும் நாடிக் கதவை உடைத்தும் புகுகிறது. அது மனிதனைத் தாக்குவது பெரும்பாலும், புதர் மறைவில் திடீரென எதிர்ப்பட்ட அச்சத்தினால்தான். குட்டிகளை முதுகில் சுமந்து செல்லும் தாய்க்கரடியின் ஆவேசமோ சொல்லுந்தரமன்று.

ஆகையால், அடிச்சுவட்டையும் எச்சத்தையும் தோண்டப்பட்ட புற்றையும் நாள்தோறும் குறித்து, காலையில் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கும் உள்ளூர்த் தொண்டர்களே, என் அபிப்பிராயத்தில், கரடியைப் பிடிக்க வைக்கும் கூண்டைக் காட்டிலும் உபயோகமானவர்கள். எண்ணெயும் குப்பையும் திறந்து கிடக்குமளவும், பிடித்துச் சென்ற கரடியின் ஸ்தானத்துக்கு மற்றொன்று வரும். இத்தொண்டர்களுக்குப் பயிற்சியும் கைவிளக்கும் ஊதியமும் அளிப்பதை வனத்துறை தன் கடமையாக ஏற்கவேண்டும். குப்பைத் தொட்டிகளுக்கு உறுதியான மூடியிடுவதைப் பஞ்சாயத்துக்கள் உடனே தொடங்கலாம்.