பிரபுக்களின் தாய்

திராட்சை மதுவைப் பற்றி எழுதுகிற மேல்நாட்டு ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சில திராட்சைகளை மட்டும் 'உன்னத குலம்' என்று கொண்டாடுவார்கள். மற்றவையெல்லாம் வெறும் திராட்சை. ஷார்டனே உன்னத குலம். பீனோ அதைவிட உன்னதம். அந்த மதுவை நான் ருசித்ததில்லை. ருசியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் குலம் என்ற வார்த்தையைப் பிரயோகித்துவிட்டார்களே! அதைப் பற்றிப் பேச நாக்கு வேண்டியதில்லை. குலப்பெருமையின் வாடை எத்தனை கடல் தாண்டி வந்தாலும் நமக்குத் தெரியும்.

1395-ஆம் ஆண்டில் பிரான்சில் பர்கண்டியை ஆண்ட பிலிப் பிரபு ஒரு கட்டளை பிறப்பித்தார். காமே என்ற திராட்சைக் கொடி துரோகம் பிடித்த செடியாம். உடனே வெட்டி எறிய வேண்டுமாம். அது செய்த துரோகந்தான் என்ன? பீனோவைப்போல் நோஞ்சானாக இராமல், குடியானவனுக்கு நிறையக் காய்த்தது. காமேயாவது தெற்கே பொஜொலேயில் போய்ப் பிழைத்துக்கொண்டது. குவே என்ற வெள்ளைத் திராட்சையின் கதி இன்னும் மோசம். அதன் பெயரே ஒரு பழைய வசைச்சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். நல்ல நிலம் பீனோவுக்கு. மிச்சம் மீதி குவேக்கு. பயிரிடவே கூடாதென்று அதற்குத் தடை போட்டுப் பார்த்தவர்களும் உண்டு.

இந்த விவகாரத்தில் விஞ்ஞானம் தலையிட்டது. 1984-இல் இங்கிலாந்தில், லெஸ்டர் சர்வகலாசாலையில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்த டி.என்.ஏ. ரேகைச் சோதனை, கொலைகாரனைப் பிடிக்கவும் தகப்பனை அடையாளம் காட்டவும் உதவியது. அதன் வழிவந்த முறை ஒன்றைத் திராட்சைக்குப் பிரயோகித்தார்கள். டி.என்.ஏ.யில் சில இடங்களில் ஒரு சிறு எழுத்துத்தொடர் திரும்பத் திரும்ப வரும்; எத்தனை தரம் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பிரதிகள்: தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று. பிள்ளை தன்னிடம் உள்ள ஒவ்வொன்றுக்கும் பெற்றோரிடம் கணக்குக் காட்டவேண்டும். முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கணக்கு நேரானால் அப்புறம் பொய்ச்சாட்சி செல்லாது. திராட்சையைக் குச்சி வெட்டி நட்டே பெருக்குவதால், பல நூற்றாண்டுக்கு முந்திய பெற்றோர்களும் இன்றைக்குச் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்க முடிகிறது.

கலிபோர்னியாவில் டேவிஸ் சர்வகலாசாலையின் ஜான் பவர்ஸ், கரோல் மெரிடித் ஆகியோரும் பிரான்சின் மான்ட்பெலியே விஞ்ஞானிகளும் 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். ஷார்டனே, காமே உள்பட 16 ரகங்களுக்குப் பெற்றோர், பீனோவும் குவேயும்! பிரபு துரத்தியடித்தது அவருடைய செல்லப் பீனோ பெற்ற பிள்ளையை. உன்னத ஷார்டனே அந்தத் துரோகியின் உடன்பிறப்பு.

"இருக்கட்டும், தகப்பன் பீனோதானே?" என்று மீசையை முறுக்குகிறவர்கள் இருப்பார்கள். இலைக்குப் பச்சை தரும் நுண்ணுறுப்புக்குத் தனி டி.என்.ஏ. உண்டு, திராட்சையில் அது தாய்வழிச் சொத்து. 2010-இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் அதையும் பார்த்துவிட்டார்கள். ஷார்டனேக்கும் காமேக்கும் தாய் குவேதான். அதாவது மீசைக்காரர் சொன்னது சரி, தகப்பன் பீனோதான். ஆனால் பீனோ தனக்குத்தானே மகரந்தம் தூவிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்படிப் பிறக்கும் திராட்சை நாற்றுகள் பெரும்பாலும் சோனிகள். பீனோவும் குவேயும் ஒன்றுக்கொன்று தூரத்து இனம் என்பதே பிள்ளைகளின் சிறப்புக்குக் காரணமாக இருக்கலாம் என்று அந்த 1999-ஆம் வருஷத்து ஆராய்ச்சியாளர்களே கருதினார்கள். உன்னதத்துக்கு உயிர் கொடுத்தது வேலிக்கு அப்பால் நின்ற குவே.

புட்டியின்மேல் ஊர், தோட்டம், வருஷம் எல்லாம் அச்சடிக்கிறார்கள். பெற்றவள் பெயரை எந்தச் சீட்டில் போடுகிறார்கள்?

எனக்குக் கோபம் பிரபுவின்மேல்கூட அவ்வளவில்லை. அவர் போய் அறுநூறு வருஷம் ஆகிவிட்டது. லாபம் தராத பயிருக்குத் தண்ணீர் எதற்கு, கூலி எதற்கு என்று இன்றும் கேட்கிற கணக்கப்பிள்ளைகள்மேல்தான் கோபம். பிரான்சின் தோட்டங்களிலிருந்து குவே அநேகமாக மறைந்தேவிட்டது. ஆனால் தெற்கே வாசால் என்னுமிடத்தில், வேரைத் தின்னும் பூச்சி அண்டாத கடற்கரை மணலில், வேண்டாமென்று ஊர் ஒதுக்கிய ரகங்களையும் சேர்த்து ஆயிரக்கணக்கான கொடிகளை அரசாங்கச் செலவில் வளர்த்தார்கள். அந்த மாதிரித் தோட்டங்கள் இல்லாமல், வெட்டச் சொன்ன இடத்திலெல்லாம் ஜனங்கள் ஒழுங்காக வெட்டியிருந்தால், ஆராய்ச்சிக்கூடத்தில் பிள்ளையின் கணக்கில் பாதிதான் நேராகியிருக்கும். மறுபாதிக்கு எதிரே வெற்றிடம்.