பஞ்ச காலமும் பழங்காசும்

பழங்காசு சேர்த்தல் செல்வர்க்குரிய பொழுதுபோக்கென்றும், நாட்டில் வாணிகந் தளர்ந்து பணமுடை நேருங்கால் முதற்கண் கைவிடத்தக்கது அதுவே என்றும் நம்மிற் பலர் கருதுகின்றனர். நம் கருத்து அதற்கு மாறானது. பணமுடைக் காலத்திலேதான் பழங்காசுகளுக்குப் பேரிடர் விளைகின்றது. ஆதலின், அவற்றின் அருமை அறிந்தோர் விழித்திருக்க வேண்டிய காலமும் அதுவே.

பொருநைக் கரையில் வாழும் நமக்கு இது பிறர் காரியமன்று. அவ்வாற்றின் கழிமுகத்திலே விளங்கிய கொற்கை பாண்டியரின் துறைமுகம். யானையும் மீனும் பொறித்த சிறு சதுரச் செப்புக்காசுகள் பண்டைப் பாண்டியர் ஆட்சிக்குச் சான்று பகர்வன. தூத்துக்குடியில் ஒல்லாந்தர் வழங்கிய செப்புக்காசின் பெயரே இன்று நம் நாவில் 'துட்டு' என்று வழங்குகின்றது. லோவெந்தால் என்னும் பாதிரியார் 1888-ஆம் ஆண்டில் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். பின்னர், 1980-களில், இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 'பெருவழுதி' என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த செப்புக்காசொன்றைக் கண்டறிந்து உலகுக்கு உணர்த்தினார். சங்க நூல்களில் மட்டும் கேட்ட ஒரு பெயர், கையில் ஏந்தத்தக்க சான்றாயிற்று. அக்காசு பழைய செம்போடு செம்பாக உருக்கப்பட்டிருப்பின், அதன் விலை சில பைசாக்களே; இழப்போ அளவிடற்கரியது.

இனி, பணமுடை இத்தகைய காசுகளை எவ்வாறு வாட்டுகின்றது என்பதை நோக்குவோம். 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி நம் சிற்றூர்கள் வரை வந்தெட்டியது. நெல்லும் பருத்தியும் விலை வீழ்ந்தன. நிலவரியும் கடன்வட்டியுமோ வீழ்ந்தில. மலேயாத் தோட்டங்களிலிருந்து தொழிலாளர் ஆயிரக்கணக்கில் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்கள் அனுப்பிவந்த பணமும் நின்றது. இந்நிலையில் 1931-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இங்கிலாந்து பொன் நாணயத் திட்டத்தைக் கைவிட்டது. 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு தோலாவுக்கு 21 ரூபாய் 3 அணா 10 பை என்று வரையறுக்கப்பட்டிருந்த பொன், சில ஆண்டுகளுள் 30 ரூபாயைக் கடந்தது. விளைபொருள் மலிந்து பொன் மட்டும் விலையேறவே, வரிக்கும் வயிற்றுக்கும் வழிதேடிய குடிகள் பெட்டியிலிருந்த பொன்னை விற்றனர். அப்பொன் பம்பாய் சென்று கப்பலேறியது.

நம் பெண்டிர் காசுமாலையிற் கோத்தவை பவுன்கள் மட்டுமல்ல. பழைய வராகன்களும், வெனிஸ் நகரத்துப் பொற்காசுகளுங்கூடத் தென்னாட்டுக் கழுத்தணிகளில் இடம்பெற்றிருந்தன. தராசு அரசனது பெயரையும் ஆண்டையும் அறியாது, எடையொன்றையே அறியும். மூசையில் உருகிய பொன்னுக்கு முகமுமில்லை, ஊருமில்லை.

'வறியவன் விற்றால் சேகரிப்போன் வாங்கிக் காப்பானன்றோ?' எனச் சிலர் வினவலாம். உண்மைதான், உலோக விலைக்கு மேல் ஒரு காசு கொடுப்பவன் உளனாயின், அந்நாணயம் மூசைக்குத் தப்பும். ஆனால் சேகரிப்போருள்ளும் பெரும்பாலார் ஆசிரியரும் எழுத்தருமாகிய இடைநிலையினரே. சம்பளங் குறையுங்கால் அவர்களும் வாங்குதலை நிறுத்துவர். சிலர் தம் சேமிப்பையே விற்பர். கிடைத்தற்கரிய காசுகளைச் செல்வர் அப்பொழுதும் விட்டுவிடார். ஆதலின் அவற்றின் விலை பெரிதும் குன்றுவதில்லை. எளிதிற் கிடைக்குங் காசுகளே கேட்பாரின்றி உலோக விலைக்கு இறங்கி உருக்கப்படுகின்றன. ஒரு நாட்டின் அன்றாட வாணிகத்தைக் கூறுவன அவ்வெளிய காசுகளேயாதலின், வரலாற்றுக்கு விளையும் நட்டம் அங்கேதான் மிகுதி.

இது பழங்கதையன்று. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது, வேலை இழந்தோர் பலர் அடகுக் கடைகளை நாடிய அதே காலத்தில், ஒரு பவுன் 40,000 ரூபாய்க்கு மேல் ஏறியது. முடையும் பொன்விலையும் ஒருங்கே உயருந்தோறும் மூசையின் வாய் திறக்கின்றது.

1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டமும் இங்குக் கருதத்தக்கது. 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கண்டவன் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும். மறைத்தவன் தன் பங்கையும் இழந்து தண்டனைக்கும் ஆளாவான். அரசாங்கம் அதனைக் கொள்ள விரும்பினால், உலோக விலையும் அதன் மேல் ஐந்திலொரு பங்குமே தரும். நல்ல காலத்திலேயே இது சிறு தொகை. பசித்தவனோ, விசாரணை முடிந்து அத்தொகை வருங்காறும் காத்திரான். அன்றிரவே உருக்கும் கடையைத் தேடுவான். அவனைத் திருடனென்று இகழ்வதினும், உண்மை கூறியவனுக்கு விரைந்தும் நிறைந்தும் கொடுக்கும் முறையை வகுப்பதே அறிவுடைமை என்போம்.

சேகரிக்கும் அன்பர்க்கும் ஒரு சொல். ஒரு காசின் அருமையைத் தான் அறிந்திருந்தும், அதனை அறியாத ஏழையிடம் எடைவிலைக்கு வாங்குவது வாணிகமன்று, அறியாமையைக் கொள்ளையிடுதலாகும். பஞ்சத்தில் மலிவாய் வாங்கிய காசை மேசைமேற் பரப்பி மகிழ்வோர், அதன் மறுபக்கத்தில் ஒரு குடும்பத்தின் கண்ணீர் பொறிக்கப்பட்டிருத்தலையும் படித்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! வாங்கப் பொருளில்லையே என்று நீங்கள் வாளாவிருத்தல் வேண்டா. ஒரு காசின் எடையைக் குறித்தற்கும், இரு பக்கங்களையும் படமெடுத்தற்கும், எவ்வூரில் எந்நிலத்தில் கிடைத்ததென்று எழுதி வைத்தற்கும் பெருஞ்செலவு ஆவதில்லை. கண்டெடுத்த இடம் தெரியாத காசு, ஊர்பேர் அறியாத சாட்சியை ஒக்கும். விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் உங்கள் பாட்டியின் பெட்டியையும் பழம்பாத்திரக் கடையையும் பார்த்து வாருங்கள்; கண்டவற்றை எழுதி நூல்நிலையத்துக்குத் தாருங்கள். விற்றேதீர வேண்டிய வறுமையுடையோரை விற்க வேண்டாவென்று தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால், காசு மூசைக்குச் செல்லுமுன் அது கூறும் செய்தியை எழுதிக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு. அடுத்த பஞ்சம் வருமுன் அக்குறிப்பேட்டைத் தொடங்குவோமாக.