சிறுவர் கையில் ஹெலிகொப்டர்

ஹெலிகொப்டருக்கு ஈழத்துத் தமிழரிடையே வழங்கும் பெயர் உலங்கு வானூர்தி என்பதாகும். உலங்கு என்பது கொசுவினத்தைக் குறிக்கும் பழஞ்சொல். நின்ற இடத்திலேயே நின்று இரைவதும், நினைத்த திசையிற் சட்டெனத் திரும்புவதும் அப்பூச்சியின் இயல்பு. பொருத்தமான பெயர்தான். ஆயினும், 1980களிலும் 1990களிலும் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோர்க்கு அச்சொல் நினைவூட்டுவது வேறொன்று. வானில் அந்த இரைச்சல் எழுந்ததும் அடுப்பிற் கிடந்ததை அப்படியே விட்டுப் பிள்ளைகளை வாரியெடுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றது.

சுன்னாகத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதமே இந்த வாரம் இப்பொருளை எடுக்கச் செய்தது. உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவிலே பயிலும் அவர் மகன், கனடாவிலுள்ள மாமன் அனுப்பிய பணத்தைக் கொண்டு, மின்சாரத்தால் இயங்கும் மாதிரி ஹெலிகொப்டர் ஒன்றின் உதிரிப் பாகங்களை வாங்கித் தானே பூட்டிப் பறக்கவிட விரும்புகின்றானாம். "பரீட்சை நெருங்கும் வேளையில் இது வேண்டாத விளையாட்டு அல்லவா? வீட்டிலுள்ள மாமிக்கு அந்தச் சத்தத்தை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டிருக்கிறார் அத்தாயார்.

இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. இது வெறும் விளையாட்டா என்பது ஒன்று. பிறர் மனம் நோகாமல் இதை விளையாட முடியுமா என்பது மற்றொன்று. முதலாவதை முதலிற் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஆர்தர் யங் என்றோர் இளைஞர் இருந்தார். பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்றவர். 1928ஆம் ஆண்டளவில் ஹெலிகொப்டரின் மீது மனம் வைத்த அவர், பெரிய யந்திரம் எதையும் கட்டவில்லை. சிறிய மாதிரிகளையே கட்டினார், உடைத்தார், மீண்டும் கட்டினார். பென்சில்வேனியாவிற் கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டு, ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளை இப்படிக் கழித்தார். 1941ஆம் ஆண்டில், மின் மோட்டரால் இயங்கித் தொலைவிலிருந்து கம்பி வழியாகக் கட்டுப்படுத்தப்படும் மாதிரி ஒன்றைப் பெல் விமான நிறுவனத்தாரின் முன்னிலையிற் பறக்கவிட்டுக் காட்டினார். அதனைக் கண்ட நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. அம்முயற்சியின் பயனாகப் பிறந்த பெல் 47 என்னும் ஹெலிகொப்டரே, 1946ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கென அமெரிக்காவில் முதன்முதலாக அநுமதி பெற்றது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரிற் காயமுற்ற பலரைப் போர்க்களத்திலிருந்து மருத்துவமனைக்குச் சுமந்து சென்றதும் அதுவேயாகும். உயிர் காத்த அவ்வூர்தியின் வித்து ஒரு விளையாட்டுப் பொருளே என்றால் மிகையாகாது.

பன்னிரண்டு ஆண்டுகள் ஏன் பிடித்தன? ஹெலிகொப்டர் ஒரு முரட்டுப் பிள்ளை என்பதே விடை. மேலே சுழலும் சுழலியை மோட்டர் வலப்புறமாகத் திருப்பினால், ஊர்தியின் உடல் இடப்புறமாகத் திரும்ப முயலும். அதனைத் தடுக்கவே வாலில் ஒரு சிறு சுழலி இருக்கின்றது. அன்றியும், சுழலும் பொருள் எதுவும் பம்பரத்தின் குணம் உடையது. சுழலும் பம்பரத்தை ஒரு பக்கமாகத் தள்ளினால் அது வேறொரு பக்கமாகச் சாயும் என்பதைச் சிறுவரும் அறிவர். சுழலியும் அவ்வாறே. ஊர்தி முன்னோக்கிச் சாயவேண்டுமானால், இறக்கைக்குக் கொடுக்கும் தூண்டுதல் ஏறத்தாழக் காற்சுற்று முன்னதாகவே கொடுக்கப்படல் வேண்டும். யங் அவர்கள் பம்பரத்தின் இதே குணத்தைத் துணையாக்கிக் கொண்டார். இறக்கைகளுக்குக் குறுக்கே, முனைகளிற் பாரம் கட்டிய ஒரு தண்டினைச் சுழலவிட்டார். உடல் ஆடினும் அத்தண்டு தன் தளத்தை எளிதில் விடாது. அதனோடு இறக்கைகளைத் தொடுத்தபோது ஊர்தி அமைதியுற்றது.

கம்பியில்லாமல் வானொலி அலைகளாற் கட்டுப்படும் மாதிரி, அதன் பின்னர் வந்தது. ஜேர்மனியரான டீற்றர் ஷ்லூற்றர் 1960களின் இறுதியில் அதனைக் கைகூடச் செய்து, 1970ஆம் ஆண்டில் தம் மாதிரியை 11.5 கிலோமீற்றர் தூரம் செலுத்திக் காட்டினார். அக்காலத்து மாதிரிகள் எரிபொருளில் ஓடின. நிறைகுறைந்த லிதியம் பற்றரியும், தூரிகையற்ற மோட்டரும் வந்த பின்னரே மின்சார மாதிரிகள் வீட்டுக்கு வீடு சாத்தியமாயின.

இனி அதனைப் பூட்டும் முறையைப் பார்ப்போம். சட்டகம், மோட்டர், பற்சக்கரங்கள், நடுத்தண்டு, சுழலித் தலை, இறக்கைகள், வாற்சுழலி, மோட்டரின் வேகத்தை ஆளும் கருவி, அலைகளை ஏற்கும் வாங்கி, ஊர்தி திரும்புவதை உணரும் கைரோ, சேர்வோ எனப்படும் சிறு மோட்டர்கள் ஆகியனவே முக்கிய பாகங்கள். இவற்றுள் உயிர்நிலை சாய்தட்டு என்பது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள். கீழ்த்தட்டு சுழலாது, மேல்தட்டு சுழலியோடு சேர்ந்து சுழலும். பொதுவாக மூன்று சேர்வோக்கள் கீழ்த்தட்டைத் தாங்கி நிற்கும். மூன்றும் ஒருங்கே உயர்த்தினால் எல்லா இறக்கைகளின் சாய்வும் ஒருமிக்க மாறி ஊர்தி மேலெழும். ஒருபுறமாகச் சாய்த்தால் ஊர்தி அத்திசையில் நகரும். கையிலே பிடித்த கருவியின் சிறு அசைவு, சுழன்றுகொண்டிருக்கும் இறக்கைக்குப் போய்ச் சேரும் வழி இதுதான்.

உலோகத்தோடு உலோகம் சேரும் திருகாணிகள் அதிர்விலே கழன்றுவிடும். ஆகையால் அதற்கென விற்கும் பசையை ஒரு துளி இட்டே முறுக்கவேண்டும். மோட்டரின் சிறு பற்சக்கரத்துக்கும் பெருஞ்சக்கரத்துக்கும் இடையே ஒரு தாள் துண்டைச் செலுத்தி, இரண்டையும் நெருக்கிப் பூட்டிய பின்னர் தாளை எடுத்துவிட்டால் வேண்டிய இடைவெளி தானே அமையும். சாய்தட்டையும் சேர்வோக்களையும் சரிசெய்யும் வரை மோட்டரின் கம்பிகளை இணைக்கலாகாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 325 மில்லிமீற்றர் நீள இறக்கைகள் பூட்டிய ஒரு மாதிரியின் சுழலி ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர் விட்டமுடையது. அது நிமிடத்துக்கு 2500 முறை சுழன்றால், இறக்கையின் நுனி மணிக்கு ஏறக்குறைய 330 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். இறக்கையின் நிறை 25 கிராம் என்றும், அதன் நிறை மையம் தண்டிலிருந்து 18 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ளது என்றும் கொள்வோம். அந்த 25 கிராம் இறக்கை, சுழலும்போது ஏறத்தாழ 30 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பான விசையோடு வெளிநோக்கி இழுக்கும்! எதிர்ப்புறத்து இறக்கை அதே விசையில் இழுப்பதால் மட்டுமே தண்டு நிலைத்து நிற்கின்றது. ஓர் இறக்கை மற்றையதிலும் ஒரேயொரு கிராம் கூடியிருந்தால், ஒன்றேகால் கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பான விசை, செக்கனுக்கு நாற்பது முறைக்கு மேல் ஊர்தியைப் பிடித்து உலுக்கும். மணிகளும் திருகுகளும் தளர்ந்து, இறுதியில் ஏதேனும் ஒன்று பறந்து போகும். வட்ட இயக்கம் பற்றிய பாடத்தைப் பாடப்புத்தகத்திலே படித்த மாணவன் இங்கே அதைக் கையாலே தொட்டறிகின்றான்.

இத்தகைய வேலை நம்மவர்க்குப் புதியதன்று. வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கல் நாளில் எழும் பட்டங்களைக் கண்டவர்க்கு இது விளங்கும். முச்சை ஒரு விரற்கடை பிசகினாற் பட்டம் தலைகீழாகக் குத்தும் என்பதையும், விண் பூட்டும்போது இரு புறமும் ஒத்திருக்க வேண்டும் என்பதையும் அவர்கட்கு எந்த ஆசிரியரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 1990களிற் பொருளாதாரத் தடையினாற் பற்றரி கிடையாதிருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, அதன் டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் யாழ்ப்பாணத்தவர். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்கச் சிறு போத்தலில் விளக்கு அமைத்துப் படித்துப் பரீட்சையிற் சித்தியெய்தியவர்களும் அவர்களே. அன்று இல்லாமை கற்பித்த கைத்திறனை, இன்று எல்லாம் பெட்டியிலே வந்து இறங்கும் காலத்தில் நம் பிள்ளைகள் இழந்துவிடலாகாது. பூட்டிய நிலையில் விலைக்கு வாங்கும் பறவைப் பொம்மை உடைந்தால் எறியப்படும். தானே பூட்டியது உடைந்தால், ஏன் உடைந்தது என்ற கேள்வி பிறக்கும். அக்கேள்விதான் கல்வி.

அக்கேள்வி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பொறியியல் பயின்ற பலராம் என்பவர், பின்னர் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு சிறு ஹெலிகொப்டரைப் பறக்கவிடலாம் என்ற எண்ணத்தை அவர் 1990களிலேயே முன்வைத்தார். பணம் கிடைக்காமையால் அது பல்லாண்டுகள் கிடப்பிற் கிடந்தது. பின்னர் மீண்டும் எடுத்து, செவ்வாயின் மெல்லிய காற்றை ஒத்த காற்றை ஓர் அறையிலே நிரப்பி, சிறு மாதிரி ஒன்றை மனிதக் கையாற் செலுத்திப் பார்த்தனர். அது அடங்காமல் அங்குமிங்கும் துள்ளியது. மனிதக் கையின் வேகம் போதாது, ஊர்தி தன்னைத் தானே ஆளவேண்டும் என்பதை அத்தோல்விதான் கற்பித்தது. 1.8 கிலோகிராம் நிறையும், 1.2 மீற்றர் சுழலி விட்டமும் உடைய அந்த மின்சார ஹெலிகொப்டர், 2021ஆம் ஆண்டு ஏப்ரில் 19ஆந் திகதி செவ்வாயில் மூன்று மீற்றர் உயரம் எழுந்து, 39 செக்கன் பறந்து இறங்கியது. ஐந்து முறை பறந்தாற் போதும் என்று அனுப்பப்பட்டது, 72 முறை பறந்து, 2024 ஜனவரியில் இறக்கை சேதமுற்று ஓய்ந்தது.

ஆகவே, சுன்னாகத்துத் தாயார் தம் மகனுக்கு மறுப்புச் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சைக்கு இடையூறு வராதபடி, வாரத்துக்கு ஒரு மாலைப்பொழுது என்று வரையறை செய்தாற் போதும். ஆனால், சில நிபந்தனைகள் உள. லிதியம் பற்றரி தீப்பற்றக் கூடியது. அதற்கென அமைந்த மின்னேற்றியினாலன்றி வேறொன்றால் அதை ஏற்றலாகாது. ஆள் இல்லாத அறையிலும் இரவு உறக்கத்திலும் ஏற்றவே கூடாது. சீமெந்துத் தரையில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு ஏற்றவேண்டும். வீங்கிய பற்றரியை உடனே விலக்கிவிட வேண்டும். சுழலும் இறக்கை விரலையும் கண்ணையும் அறியாது; சிறு பிள்ளைகள் அருகில் நிற்கலாகாது. பலாலியில் 2019ஆம் ஆண்டு ஒக்ரோபரில் திறக்கப்பட்ட சர்வதேச விமான நிலையம் சுன்னாகத்திலிருந்து வெகு தொலைவில் இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைக் கேட்டறிந்து, வேண்டிய அநுமதியைப் பெற்ற பின்னரே வெளியிற் பறக்கவிடலாம்.

இனி, மாமியாரின் நெஞ்சுப் படபடப்பு. அது விளையாட்டான காரியமன்று. அதனை நகைக்கவும் கூடாது, மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் கூடாது. மின்சார மாதிரி எழுப்புவது சிறிய ஓசையே என்றாலும், பழைய காயத்துக்குச் சிறிய ஓசையும் போதும். ஆகையால் வீட்டு முற்றத்திற் பறக்கவிடாமல், ஆளரவமற்ற வெளியைத் தேர்ந்து, அயலாருக்கும் முன்னறிவித்துச் செய்வதே பண்பு. பூட்டும் வேலையையோ பேர்த்தியாரின் கண்ணெதிரே, விறாந்தையில் வைத்துச் செய்யலாம். பேரன் கையிலே அது துண்டு துண்டாகக் கிடந்து, ஒவ்வொன்றாகச் சேர்வதைப் பார்த்திருந்தால், மனம் விரும்பும்போது அவர்களே ஒரு கேள்வி கேட்பார்கள். கேளாவிட்டாலும் குறையில்லை.

தம்பி, உமக்கும் ஒரு சொல். பொதி வந்ததும் பறக்கவிட அவசரப்படாதீர். முதல் வாரம் மோட்டரைத் தொடவே வேண்டாம். பொற்கொல்லர் ஒருவரின் தராசிலே இரண்டு இறக்கைகளையும் தனித்தனியே நிறுத்துப் பாரும். குறைந்ததன் மேல் ஒட்டுநாடாவை ஒட்டிச் சமன் செய்யும். பின்னர் இரண்டின் அடிகளையும் ஒன்றாகப் பூட்டி, நடுவில் தாங்கி, இருபுறமும் சரியாமல் நிற்கின்றனவா என்று பாரும். அவை அசையாமல் நிற்கும் வரை அடுத்த திருகாணியை எடுக்க வேண்டாம்.