கடைமடை வரை



கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்காக, ஜூன் மாதம் பெரியாறு அணையைத் திறப்பது வழக்கம். மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வரும் தண்ணீர் முல்லையாற்றில் இறங்கி, எங்கள் வீரபாண்டியைக் கடந்து ஓடும். அதற்கு முன்பே வாய்க்காலைத் தூர் வாரிவிட வேண்டும். வாராவிட்டால் தலைமடை நனையும், கடைமடை காயும்.

என் ஊழியமும் அப்படித்தான் என்பது சென்ற அறுப்பின் பண்டிகையன்று எனக்கு உறைத்தது. ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது ஒரு பாட்டி, "ஐயா, முந்தின வருசமும் இதத்தான சொன்னீக" என்றார். குறை சொல்லும் குரல் அல்ல. மனதில் வைத்திருந்தவரின் குரல். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைத் திறந்தேன். அதே தாள், அதே உவமை. தேதியை மட்டும் அடித்துத் திருத்தியிருந்தேன். அதைவிட வலித்தது வேறொன்று: அந்த வாரம் முழுவதும் எனக்கென்று ஒருமுறைகூட நான் வேதத்தைத் திறக்கவில்லை.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், கமிட்டி என்று ஊழியர்களாகிய நம் நாட்கள் நிறைகின்றன. ஊழியம் நடப்பதால் உள்ளமும் வளர்வதாக நம்பிவிடுகிறோம். தனக்கு ஒன்றும் குறைவில்லை என்று எண்ணியதே லவோதிக்கேயா சபையின் நோய்.

அந்த நோயிலிருந்து விழித்த ஒருவரை நினைக்கிறேன். 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற வே. சா. அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடல் தாண்டித் தமிழகத்துக்கு மிஷனெரிகளை அனுப்புவதைக் கண்டார். தலைமுறைகளாகச் சுவிசேஷம் கேட்ட தம் திருநெல்வேலிச் சபை பிறருக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி அவரைச் சுட்டது. மறு ஆண்டே இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பிறரை அனுப்பியதோடு அவர் நிற்கவில்லை. தெலுங்கு கற்று, 1909-இல் தாமே தோர்ணக்கலுக்கு ஊழியராகப் போனார். 1912-இல் அங்கேயே பேராயரானார்.

நாமும் மூன்று காரியங்களைத் தொடங்குவோம். பிரசங்கத்துக்கு எடுக்கப்போகாத ஒரு வேதபகுதியைத் தினமும் காலையில் நமக்காக வாசிப்போம். நம் ஜெப வாழ்வைப் பற்றி வாரந்தோறும் கேட்கும் உரிமையை உடன் ஊழியர் ஒருவருக்குக் கொடுப்போம். குருசேகரத்தின் கடைசிக் கிராமத்துக்கு, காணிக்கை குறைவாக வரும் அந்த ஊருக்கு, முதலில் போவோம்.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கும் அந்தப் பாட்டி வருவார். அதற்குள் நான் தூர் வாரியாக வேண்டும்.

— ஆசிரியர்