அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை எங்கே?

போன கோடை விடுமுறையில் என் சின்ன மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை பார்க்க, மகள் வயிற்றுப் பேத்தியை அழைத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போனேன். திரும்பும்போது, "அரண்மனைக்காரன் தெருன்னு போட்டிருக்கே, அரண்மனை எங்கே பாட்டி?" என்று கேட்டாள். முப்பத்தைந்து வருஷமாக அந்தத் தெருவில் கால் தேய நடந்தவள் நான். பதில் தெரியவில்லை! அங்கிருந்த கடைக்காரர்தான் சிரித்தபடி ஒரு பெரிய வாசலைக் காட்டினார். அர்மேனியன் தெரு என்பதுதான் நம் வாயில் புகுந்து 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டதாம்.

உள்ளே நுழைந்தால் பாரிமுனை இரைச்சலே கேட்கவில்லை. 1772-இல் கட்டிய அர்மேனிய தேவாலயம். தனிக் கோபுரத்தில் ஆறு பெரிய மணிகள். நடக்கிற இடமெல்லாம் எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள். கால் வைக்கவே கூசியது. வியாபாரத்துக்காக வந்து, இங்கேயே கண்மூடியவர்கள். உலகின் முதல் அர்மேனியப் பத்திரிகை 1794-இல் அச்சானது நம் சென்னையில்தானாம். அதை நடத்திய பாதிரியாரின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. பேப்பர் படிக்காமல் காபி இறங்காத எனக்கு இது தெரியாமல் போச்சே!

விஷயம் தெரிந்ததும் சம்பந்தியம்மா முகம் சுளித்தார். "குழந்தையை ஏன் சர்ச்சுக்கெல்லாம் கூட்டிப் போறீங்க? நம்ம கோயில் இல்லையா?" என்றார். தினமும் கபாலீசுவரரைக் கும்பிடுகிறவள்தான் நான். ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்துவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளுமா என்ன? லஸ் கார்னரில் காய்கறி வாங்குகிறோமே, போர்ச்சுகீசிய மொழியில் 'லஸ்' என்றால் ஒளி. பக்கத்திலுள்ள பிரகாச மாதா கோயிலால் வந்த பெயர் அது. அங்குள்ள கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. பரங்கிமலைக்குப் படி கட்டிக்கொடுத்ததும் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வியாபாரிதான். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டிய புண்ணியவானும் அவரே. கோட்டைக்குள் 1680-இல் எழும்பிய புனித மேரி ஆலயமும் உண்டு. குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் என்று கூரையை அவ்வளவு கனமாகப் போட்டிருக்கிறார்கள். (சோதனை உண்டு, அடையாள அட்டை மறக்காதீங்க.)

நாம் வெளியே போவதே கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, இல்லை வேண்டுதலுக்கு. நமக்காக என்று ஓர் இடத்தைப் போய்ப் பார்த்திருக்கிறோமா? விடுமுறை வந்தால் தீம் பார்க், மால் என்று ஆயிரக்கணக்கில் செலவு. இங்கே பஸ் செலவு மட்டும்தான். காலையிலேயே போய்விடுங்கள். பிரார்த்தனை நேரத்தில் செல்போனை நீட்டிப் படம் பிடிக்காமல் இருந்தால் நல்லது. நான் பார்த்த அன்று ஒரு கூட்டம் கல்லறை மேலேயே உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தது.

இப்போது பேத்தி, "ஆயிரம் விளக்குல விளக்கு எங்கே?" என்று ஆரம்பித்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு அந்த மசூதிப் பக்கம் போகணும். சம்பந்தியம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

- ஒரு வாசகி, மயிலாப்பூர்.