போட்டோவுக்கு உடுத்துவது பொய்யா?

தை மாதத்தின் கடைசி முகூர்த்தம். தோவாளைப் பக்கத்து மண்டபம் ஒன்றில் பந்திக்குப் போகிற வழியில் கையில் ஒரு துண்டறிக்கையைத் திணித்தார்கள். நான்கு பக்கம். கல்யாண போட்டோவுக்காக மெனக்கெடுவது பொய் வாழ்க்கையின் முதல் படி என்பது அதன் சாரம். எழுதியவர் எங்கள் பகுதியில் பெரியவர், பல மணமேடைகளில் வாழ்த்துரை சொன்னவர். அவருடைய வயதை மதிக்கிறேன். அவர் எழுதியதை மதிக்க முடியவில்லை. ஒரு பெண் தன் வாழ்நாளில் ஒரு முறை உடுத்தி அமர்ந்திருக்கும் நாளில், அவள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட வந்தவர்கள் கையில், அவள் அலங்காரம் முழுவதும் பொய் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறிக்கை மணமகளின் அம்மா கைக்கும் போனது. அவர் அதைப் படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டதைப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வாதம் இப்படிப் போகிறது. கேமரா உண்மையைக் காட்டும் கருவி. அதன் முன்னால் இருக்கிறபடி நிற்பவர்தான் நேர்மையானவர். பார்லரும் பவுடரும் முகத்துக்குப் பூசுகிற பொய். நம் தாய்மார் ஒரு முழம் பிச்சியும் நெற்றிக் குங்குமமுமாக நின்றார்கள், அந்தக் காலப் படங்களில் எத்தனை நிறைவு பாருங்கள். சுயமரியாதைத் திருமணம் கண்ட தமிழ்நாட்டில் இந்தப் பகட்டு எதற்கு? இவ்வளவும் எழுதிய அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர் படம் இருக்கிறது: இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, சாயம் போட்டு ஒதுக்கிய மீசை, பின்னால் ஸ்டுடியோவின் நீலத் திரை. தன் முகம் அச்சில் வரப்போகிறது என்றதும் அவர் தயாராகித்தான் போயிருக்கிறார். அது இயல்பு, அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் தனக்கு எடுத்துக்கொண்ட அந்த உரிமையை இருபத்துநான்கு வயதுப் பெண்ணுக்கு மறுக்க எந்த நியாயத்தையும் அவர் நான்கு பக்கத்தில் ஓரிடத்திலும் காட்டவில்லை.

கேமரா உண்மையைக் காட்டும் என்று எழுதுகிறவர் மண்டப வெளிச்சத்தில் ஒரு படமாவது எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நம் கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். வெள்ளை வேட்டி கட்டிய கறுத்த மாப்பிள்ளையைப் பார்க்கிறோம், வேட்டியின் கரையும் தெரிகிறது, முகத்தின் சிரிப்பும் தெரிகிறது. கேமராவுக்கு அந்தத் திறமை குறைவு. சட்டத்துக்குள் வெள்ளை நிறைந்திருந்தால் அது மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும், மாப்பிள்ளையின் முகம் இருண்டு போகும். முகத்துக்காக வெளிச்சத்தைக் கூட்டினால் வேட்டிக்கரை மறையும், பொண்ணின் தலையில் உள்ள மல்லி வெறும் வெள்ளைத் திட்டாகும். ஓமப் புகையிலும் வீடியோ லைட்டிலும் நெற்றியில் துளிர்க்கும் வியர்வையை நேரில் யாரும் கவனிப்பதில்லை. ஃப்ளாஷ் பட்டதும் அது கண்ணாடித் துண்டு போல மின்னும். இதற்காகத்தான் பளபளப்பை அடக்கும் பவுடர். தும்பைப்பூ வெள்ளைக்குப் பதில் சந்தன நிறப் பட்டுச் சட்டை எடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். கேமரா செய்யும் பிழையை முன்கூட்டியே சரிசெய்கிற வேலை இது. இதைச் செய்யாமல் நிற்பவரின் படத்தில் இருப்பதுதான் அவர் முகமே இல்லாத முகம்.

கறுத்த மாப்பிள்ளை என்று எழுதியதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கலர் பிலிம் நம் முகங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டதே அல்ல. கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அனுப்பியது. அதற்கு ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கறுப்பு, மாநிற முகங்கள் மங்கிப்போவது பெரிய குறையாகவே தெரியவில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் விளம்பரங்களில் பழுப்பு நிறம் ஒழுங்காக விழவில்லை என்று புகார் செய்த பிறகுதான் பிலிமைத் திருத்துவதில் வேகம் பிறந்தது. பல நிறப் பெண்கள் இடம்பெற்ற கார்டு வர 1990-கள் ஆயிற்று. அந்தக் காலப் படங்களில் நம் தாய்மாரின் முகம் மங்கிக் கிடப்பதைப் பார்த்து, ஆகா என்ன எளிமை என்று ஒருவர் உருகுகிறார். அது எளிமை அல்ல. அவர்கள் முகத்தைப் பிடிக்கத் தெரியாத பிலிமின் குறை.

அடுத்து அந்த ஒரு முழம் பிச்சி. பூவுக்குப் பேர்போன தோவாளையில் நின்றுகொண்டு இதைச் சொல்ல எப்படி மனம் வந்தது? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மாலை கட்டுகிறோம். பிச்சி மொட்டு மாலையில்தான் விரியும். அதனால் விடியுமுன்பே தோட்டத்தில் இறங்கி மொட்டாகவே பறித்தாக வேண்டும். முகூர்த்த நாள் என்றால் சந்தையில் பிச்சியும் மல்லியும் கிலோ ஆயிரங்களுக்கு ஏறும். காலை முகூர்த்தத்துக்குச் சூடும் சரத்தில் இளஞ்சிவப்பு ஓடிய மொட்டு இருக்கும், மாலை வரவேற்பில் அதே பூ விரிந்து வெள்ளையாகிவிடும். எந்தச் சேலைக்கு எந்த நேரத்துப் பூ என்று கணக்குப் பார்த்துத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் சரம் கட்டித் தருகிறார்கள். அவர் எளிமை என்று நினைக்கிற அந்த ஒரு முழத்துக்குப் பின்னால் இத்தனை யோசனை இருக்கிறது.

மாணிக்க மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வரளியையும் வெள்ளரளியையும் ஒவ்வொன்றாக மடித்து, இடையில் நொச்சி இலையின் பச்சை வைத்து, பாய் முடைவது போலத் தட்டையாகப் பின்னுவது. தூரத்திலிருந்து பார்த்தால் கல் பதித்த ஆரம் போலிருக்கும். 2025-ல் தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மாலையின் அருமை கல்யாண போட்டோவில்தான் முழுதாகத் தெரியும். உருண்டு பருத்த ரோஜா மாலை போட்டால் பொண்ணின் கழுத்து, அட்டிகை, சேலையின் முந்தி எல்லாம் மறைந்து, பூவுக்கு மேல் ஒரு தலை மட்டும் தெரியும். தட்டையான மாலை மார்போடு படிந்து நிற்கும், உடுத்தியதும் அணிந்ததும் தெரியும். ஒருவர் விரல் நோகப் பின்னிய அந்த வேலையைக் கசங்கிய சட்டைமேல் போட்டுக்கொண்டு நிற்பது நேர்மையா? பின்னியவரை மதிக்காத செயல் என்றுதான் நான் சொல்வேன்.

அவர் அறிக்கையில் என்னைக் கொதிக்க வைத்த வரி வேறு. ‘உடை என்பது மானம் மறைக்க, அதற்கு மேல் எல்லாம் ஆணவம்’ என்ற பொருளில் எழுதியிருக்கிறார். எந்த மண்ணில் நின்று எழுதுகிறார்? இந்த மண் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது என்றிருந்தது. குப்பாயம் என்ற மேல்சட்டை அணிந்தவர்களின் குப்பாயத்தைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். வீடுகள் எரிந்தன. அரை நூற்றாண்டுக்கு நெருக்கமான போராட்டத்துக்குப் பின், சென்னை கவர்னர் டிரெவெல்யன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மகாராஜா ஆணை பிறப்பித்தார். அந்த ஆணையிலும் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையை நன்றாகப் பாருங்கள். மானத்தை மறைப்பது வரை ஒருவாறு ஒத்துக்கொண்டார்கள். அழகாக உடுத்துவதைத்தான் விடவில்லை. ‘மானம் மறைத்தால் போதும், அதற்கு மேல் உனக்கெதற்கு’ என்பது அன்றைய ஆதிக்கத்தின் வாக்கியம். அதையே பெரியவர் இன்று அறம் என்று அச்சடித்திருக்கிறார்.

சாமித்தோப்பு இங்கிருந்து அதிக தூரமில்லை. அங்கே 1809-ல் பிறந்த அய்யா வைகுண்டருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். இந்தச் சாதிக்கு இப்படி ஒரு பெயரா என்று எதிர்ப்பு வந்ததால் முத்துக்குட்டி ஆக்கினார்கள். தலைப்பாகை கட்டும் உரிமையில்லாத ஆண்களை அவர் தலைப்பாகை கட்டி வரச் சொன்னார். இன்றும் அங்கே ஆண்கள் தலைப்பாகையோடுதான் வழிபடுகிறார்கள். பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது, வணங்குகிறவர் தன்னையே பார்த்துக்கொள்கிறார். கண்ணாடி முன் நிற்பதை ஆணவம் என்று எழுதுகிறவர் அந்தக் கண்ணாடியின் முன் ஒரு முறை நின்றுவிட்டு வந்து எழுதட்டும். அதே திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கல்மாலை மட்டும்தான் அணியலாம் என்றிருந்தது. 1915-ல் பெரிநாட்டுப் போராட்டத்தின்போது அவர்களின் தலைவர் அய்யன்காளி சொல்ல, கூட்டத்திலேயே அதை அறுத்து எறிந்தார்கள். என்ன உடுத்துவது, எதைக் கழுத்தில் போடுவது என்பதற்காக அடிபட்டவர்களின் பேத்திகள் இன்று வடசேரி ஆசாரிகள் செய்த கெம்புக்கல் அட்டிகை போட்டு, நெற்றிச்சுட்டி வைத்து, கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். இதைப் பகட்டு என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

சுயமரியாதைத் திருமணத்தைத் துணைக்கு அழைத்திருக்கிறார். அண்ணா முதல்வராயிருந்தபோது 1967-ல் கொண்டுவந்த சட்டத்திருத்தம் என்ன சொல்கிறது? உற்றார் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும்; மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் செல்லும். புரோகிதரை நீக்கிய அந்தச் சட்டம் மாலையை நீக்கவில்லை, அதைத் திருமணத்தின் சாட்சியாகவே வைத்தது. சாதிச் சடங்கையும் கடனையும் எதிர்த்த இயக்கம் அது. தலை வாரிக்கொள்வதை எதிர்த்ததாக எங்கும் இல்லை.

கடன் என்றதும் ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்கிறேன். வட்டிக்கு வாங்கி அலங்காரம் செய்வது கேடு. மாநிறப் பெண்ணின் முகத்தில் இரண்டு நிறம் கூட்டிப் பூசி, கழுத்தும் கையும் வேறு நிறமாக மேடையில் உட்கார வைப்பது அதைவிடப் பெரிய கேடு. 2020-ல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ கிரீம் பெயரை மாற்றிக்கொண்டது, மண்டபத்து அலங்கார அறைகளில் வெளுப்பே அழகு என்ற எண்ணம் மாறவில்லை. பெரியவர் இதை எதிர்த்து எழுதியிருந்தால் அந்த அறிக்கையை வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். வெளுப்பாக்குவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. நல்ல அலங்காரம் தன் நிறத்திலேயே துலங்குவது. அதற்குப் பணம் கொஞ்சம் போதும், யோசனைதான் அதிகம் வேண்டும்.

அந்த யோசனை பெண்ணுக்கு மட்டும் உரியதும் அல்ல. நான்கு பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கல்யாணப் படங்களைக் கெடுப்பதில் பாதிக்கு மேல் ஆண்களின் அலட்சியம். சட்டைப்பையில் செல்போன் துருத்திக்கொண்டு நிற்கும். மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள் பனியன் அச்சு தெரியும். தாலி கட்டும் படத்தில் சட்டத்தை நிறைப்பது மாப்பிள்ளையின் விரல்கள்தான், அவற்றில் நகம் வெட்டியிருக்காது. முந்தின நாள் ராத்திரி நண்பர்கள் சொன்னார்களென்று முதல் தடவையாக ஃபேசியல் செய்து, காலையில் கன்னம் சிவந்து தடித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிதாக எதையும் முகத்தில் தொடுவதானால் ஒரு மாதம் முன்பே தொட்டுப் பார்க்க வேண்டும். முடியை இரண்டு மூன்று நாள் முன்னால் வெட்டினால் வெட்டிய தடம் அடங்கிவிடும். வேட்டி கட்டிப் பழகாதவர் நான்கு நாள் வீட்டில் கட்டி நடக்கட்டும், மேடையில் கை இடுப்பையே பிடித்துக்கொண்டிருக்காது. ஆனி மாதத்து முகூர்த்தம் என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சேலை முந்தியைப் பறக்கவிடும். முப்பந்தல் காற்றாலைகளுக்கு முன்னால் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஊசி கூடுதலாகக் குத்திக்கொள்ளட்டும். இதில் எது பொய்? எந்த இடத்தில் ஆணவம்?

தாய்மார் என்று எழுதினார் அல்லவா. என் அம்மாவிடம் கேட்டேன். 1978-ல் கல்யாணம். மொத்தம் ஐந்து படம், அதில் இரண்டில் கண் மூடியிருக்கிறது. ஒன்றில் எண்ணெய் வழிந்த நெற்றி ஃப்ளாஷில் வெளுத்து, மூக்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அப்பாவின் சட்டைப்பையில் பேனாவும் மடித்த ரூபாய்க் கட்டும். படம் எடுக்க வந்தவர் ஒரு கைக்குட்டை கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் மாலை கட்டிய வீட்டுப் பெண் அவள். அந்தப் படங்கள் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு நாளும் ஏறியதில்லை. பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் ஒரு கவரில் கிடக்கின்றன. “எளிமையா நிக்கணும்னு நெனச்சேனா? எனக்கு யாரும் சொல்லித் தரலம்மா” என்றாள். பெரியவர் அந்த அறிக்கையை அடுத்த முறை அச்சடிக்கும்போது தாய்மார் பற்றிய வரியை எடுத்துவிட வேண்டும். அவர்கள் யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை.